அம்பு மேலே

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மா இப்போது தடியை ஊன்றாமலே வாசல் வரை போய் வருகிறாள். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் விட்டதா? மறைக்காமல் எழுது.

வாயைத் திறந்தால் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். பேனாவைத் திறந்தால் வருகிறது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்தான்.

நீ உச்சிக் கொட்டகையின் கூரையில் வைத்து அனுப்பிய ஐந்தாம் பெட்டியில், என் பங்குக்கு வந்த பதினொன்றாவது கண்ணாடித் தட்டில், ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு கோடு வந்து நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து இன்னொரு கோடு கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் அதுவும் நிற்கிறது. அங்கிருந்து மயிரிழை போல மூன்றாவது ஒன்று. வந்த துகள் வழியிலேயே வேறொன்றாக மாறி, அதுவும் மாறிப் போயிருக்கிறது. எட்டு மாதமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பேராசிரியரே வந்து பார்த்து, "இதைப் படம் பிடிச்சு அச்சுல போடணும்" என்றார்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்தவள்தான் அந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடியில் மையால் வட்டம் போடுவாள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நிற மை. எனக்குப் பச்சை. அச்சில் வரும்போது படத்துக்குக் கீழே 'ஏழாம் மேசை கண்டது' என்று இருக்கும். பெயர் இருக்காது, எண்தான். அது போதும் எனக்கு.

அம்மாவிடம் சொன்னேன்.

"எங்கேருந்துடி வருது அது?"

"வானத்துக்கும் அப்பால இருந்தும்மா. அண்டக் கதிர்னு பேரு. ராத்திரி பகல்னு இல்லாம மழை மாதிரி கொட்டிக்கிட்டே இருக்கு. நம்ம உடம்புக்குள்ள கூடப் பூந்து போகுது. தட்டுல பூசியிருக்கிற மருந்துல மட்டும்தான் தடம் விழும்."

"அவ்வளவு தூரத்துலேருந்து உன் கண்ணைக் கெடுக்கத்தான் வந்துதா?"

நாளை ஆறாம் பெட்டியைத் தொடங்குகிறோம். என் பங்கு பன்னிரண்டு தட்டு.

உன் அன்புள்ள
ஊமைக்கோட்டான்

மார்ச் 19

ஊமைக்கோட்டானுக்கு அண்ணன் எழுதுவது.

இருமல் விட்டுவிட்டது, மூக்குதான் ஒழுகுகிறது. மற்றபடி சுகம். அம்மாவை வாசலோடு நிறுத்து, தெருவுக்கு இறங்க வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தைக் கழுதைக்காரரிடமே வாசித்துக் காட்டினேன். கீழிருந்து பொருள்களையும் கடிதங்களையும் கொண்டு வருகிறவர் அவர் ஒருவர்தான். இங்கே எனக்கு வேறு மனிதரும் கிடையாது. "உங்க தங்கச்சி வானத்தைப் படிக்குது, நீங்க வானத்துக்குக் காவல் இருக்கீங்க, நான் ரெண்டு பேருக்கும் பெட்டி தூக்குறேன்" என்றார். கழுதை ஒன்றும் சொல்லவில்லை.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். கறுப்புத் தாள் சுற்றிய தட்டுகள் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும். பெட்டியின் பக்கப் பலகையில் ஓர் அம்பு வரைந்திருக்கும். அம்பு வானத்தைப் பார்க்கும்படி கூரையில் கட்டிவிட்டு, பதிவேட்டில் 'அம்பு மேலே' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஐந்து வாரம் காத்திருந்து, இறக்கும்போதும் அம்பைப் பார்த்து எழுத வேண்டும். ஜனவரியில் மூன்று நாள் அடித்த காற்றில் கூரைத் தகடு இரண்டு பெயர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் கை மரத்துப் போயிற்று.

நிலையக் கண்காணிப்பாளர் எழுதியிருக்கிறார். வரும் ஆண்டில் என்னைக் கல்லூரியில் சேர்க்கப் பரிந்துரைப்பதாகச் சொல்கிறார். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடாதே. நடந்த பிறகு சொல்லலாம்.

பச்சை வட்டத்துக்கு என் பாராட்டு. கண்ணைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சுகம். என்னைப் பற்றிக் கேட்காதே.

ஆறாம் பெட்டியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு துகள் மருந்துக்குள் ஓடிக் களைத்து நிற்கும்போது அதன் கோடு தடிக்கும், தள்ளாடும். தடித்த முனைதான் அது போய்ச் சேர்ந்த இடம். அதை வைத்துத் திசை சொல்லிவிடலாம். பக்கவாட்டில் சில வரும், மேல்நோக்கியும் ஒன்றிரண்டு இருக்கும். பெரும்பாலும் மேலிருந்து கீழேதான். இந்தப் பெட்டியிலோ நான் திசை சொல்ல முடிந்த நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று, கீழிருந்து மேலே போகின்றன. இருமுறை பார்த்தேன், மூன்றாம் முறையும் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். 'மேல்நோக்கி' என்று முப்பத்துமூன்று தடவை.

கண்காணிப்பாளர் என் குறிப்பேட்டைத் தூக்கிப் பிடித்து அறை முழுக்கக் கேட்க வாசித்தார்.

"பூமிக்குள்ளேருந்தாம்மா கதிர் கிளம்பி வருது? அடுப்புலேருந்து புகை வர்ற மாதிரியா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மைக்ராஸ்கோப் எதையும் தலைகீழாத்தான் காட்டும்னு முதல் நாளே சொல்லிக் குடுத்தோமே, மறந்துட்டியா? ஒன்பதாங் கிளாஸோட நின்னவளை உக்கார வச்சது என் தப்பு."

மறக்கவில்லை, அண்ணா. தட்டை வைத்ததும் மேல்மூலையில் வெட்டிவிட்டிருக்கும் அடையாளத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். ஐந்து பெட்டியில் மறக்காதவள் ஆறாவதில் மட்டும் மறப்பேனா? நான்காம் மேசை அக்காவுக்கும் இதே பெட்டியிலிருந்துதான் தட்டுகள் போயின. அவள் குறிப்பேட்டில் எல்லாம் 'கீழ்நோக்கி' என்று ஒழுங்காக இருக்கிறதாம். அதனால் தவறு என்னுடையதாம்.

அங்கே நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரிடம் அவ்வளவையும் சொன்னேன். அம்மா, "யாருகிட்டடி சண்டை?" என்று கேட்டாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறாம் பெட்டியில் அம்பு மேலே இருந்ததா?

உடனே எழுது. கழுதைக்காரர் கிளம்புவதற்குள் எழுது.

தங்கை

ஏப்ரல் 14

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகம். இங்கே பனி இன்னும் விடவில்லை. தண்ணீர்க் குழாய் உறைந்து உடைந்தது, மாற்றியிருக்கிறேன். கழுதைக்கு ஒரு கால் வீங்கியிருக்கிறது.

பதிவேட்டைப் பார்த்தேன். ஆறாம் பெட்டிக்கு 'அம்பு மேலே' என்றுதான் இருக்கிறது.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். எல்லாம் சரியாகிவிடும். யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்துபோய்விட மாட்டாய். அம்மாவுக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்

மே 11

அண்ணாவுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதன் நகல் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது, நானே பார்த்தேன். பெட்டி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாய். எனக்குத் தெரியாமல் எது நடந்தது? எனக்குத் தெரிந்துதான் முப்பத்துமூன்று தடவை எழுதினேன்.

என்னை ஏழாம் மேசையிலிருந்து எழுப்பிக் கழுவறைக்கு அனுப்பிவிட்டார்கள். தட்டுகளை மருந்துத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து அலசும் அறை. கைத்தோல் உரிகிறது. அதுகூடப் பரவாயில்லை. என் குறிப்பேடு எதையும் நம்ப முடியாது என்று எட்டு மாத வேலையையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டார்கள். ஐந்தாம் பெட்டியும் அதில் அடக்கம். என் பச்சை வட்டத்தைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, நான்காம் மேசை அக்காவை உட்காரவைத்து நீல வட்டம் போடச் சொன்னார்கள். அவள் போட்டாள். படம் அச்சுக்குப் போகிறது. 'நான்காம் மேசை கண்டது.'

நான் கண்டதை நான் காணவில்லை என்கிறார்கள், அண்ணா. ஒரு மனுஷியின் கண்ணைப் பிடுங்கி இன்னொருத்திக்கு வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரவெல்லாம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அம்மா விழுந்த அன்று மாமா வந்து, "ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுல இருந்தாகணும்" என்றார். நீ சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அவ இருக்கட்டும், பொண்ணுதானே" என்றார் மாமா. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் என்னுடையது என்று நீ சொல்லியிருக்கலாம். அன்றும் நீ வாயைத் திறக்கவில்லை.

பதில் வேண்டும்.

தங்கை

ஜூன் 8

அண்ணாவுக்கு,

அம்மா உன் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். பாதை மூடியிருக்கும் என்று சொல்லிவந்தேன். பாதை மூடவில்லை. கழுதைக்காரர் இரண்டு முறை இறங்கிவிட்டார். ஏழாம் பெட்டி வந்தது, அதன் மேல் உன் கையெழுத்தும் வந்தது. எனக்குக் கடிதம் வரவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். நான்காம் மேசை அக்கா ஆறாம் பெட்டியில் பார்த்து முடித்த தட்டுகள், தூசி துடைக்க என் அறைக்குத்தான் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறை காலியாக இருக்கும். ஆறு நாள் என் சாப்பாட்டை விட்டுவிட்டு அவற்றைப் பழைய மேசையில் வைத்துப் பார்த்தேன். அவள் 'கீழ்நோக்கி' என்று எழுதிய தடங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். தடித்த முனை மேலேதான் இருக்கிறது. ஒரு தட்டில் இல்லை, அவளுடைய எல்லாத் தட்டிலும்.

அவளும் அதைத்தான் பார்த்திருக்கிறாள். வானத்திலிருந்து வருவது கீழ்நோக்கித்தான் வர வேண்டும் என்று மாற்றி எழுதியிருக்கிறாள்.

கதிர் பூமிக்குள்ளிருந்து வரவில்லை, நான் மறக்கவும் இல்லை, நுண்ணோக்கியும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது பெட்டி. பெட்டி தலைகீழாக இருந்தது. ஐந்து வாரமும் இல்லை போலிருக்கிறது, மீதி எட்டு சரியாக இருக்கின்றனவே. பாதியில் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கூரையில் உன்னைத் தவிர யார் ஏறுவார்கள்? கழுதையா?

இது நான் கேட்கும் மூன்றாவது தடவை. இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

தங்கை

ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதை எழுதுகிறேன்.

ஜனவரி 16-ஆம் தேதி, பெட்டியை ஏற்றிப் பத்தாம் நாள், காற்றில் கயிறு அறுந்து பெட்டி கூரையிலிருந்து பனியில் விழுந்தது. எதிரே நீட்டிய கை தெரியாத பனிப்புகை. தடவித் தூக்கி வைத்துக் கட்டினேன். அம்பைப் பார்க்கவில்லை. காற்று விட்டதும் ஏறிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ஐந்து வாரம் முடிந்து இறக்கும்போதுதான் பார்த்தேன், அம்பு என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவேட்டில் வழக்கமாக எழுதுவதையே எழுதினேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே கண்காணிப்பாளருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உன் மீது தவறில்லை என்றும் எழுதினேன். அவர் விசாரித்துச் சரிசெய்துவிடுவார் என்று நினைத்துத்தான் உன்னைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பதிலை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப்போடச் சொன்னார். இரண்டு முறை அடுப்பருகே கொண்டுபோனேன், கிழிக்கவில்லை.

அந்தப் பதில் வந்தபிறகு உனக்கு எழுத என்னால் முடியவில்லை. எழுதினால் இதை எழுத வேண்டும். இதை எழுதினால் கல்லூரி போய்விடும். காரணம் இவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் எனக்கு இல்லை.

அம்மாவிடம் என்ன சொல்வாயோ தெரியவில்லை.

அண்ணன்

*(உடன் வைத்திருந்தது)*

உன் கடிதம் பார்த்தேன். ஆறாம் பெட்டியின் முடிவுகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டன. பெட்டியே தவறாக வைக்கப்பட்டது என்றால் நிலையத்தின் பெயர் கெடும். படிப்பை நிறுத்திய ஒரு பெண்ணின் கைத்தவறு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். கல்லூரிக்கு என் கையெழுத்து வேண்டும் என்பதை மறந்துவிடாதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு. — கண்காணிப்பாளர்

ஜூலை 1

அண்ணாவுக்கு,

அம்மா சுகம். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. உனக்காக அல்ல, அவளுக்காக.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கண்காணிப்பாளரின் கடிதத்தை ஒரே முறை. அவர் எனக்கு யாரோ. தெருவில் போகிறவன் மிதித்தால் வலிக்கும், அவ்வளவுதான். கூடப் பிறந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு கழுதையின் கால்வீக்கத்தைப் பற்றி எழுதினால் அதற்கு என்ன பெயர்?

பெட்டி விழுந்தது உன் தவறில்லை. கண் தெரியாத பனியில் திருப்பி வைத்ததற்கும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அம்பு காலைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டபிறகு 'அம்பு மேலே' என்று எழுதினாயே, அதைத்தான் சொல்கிறேன். நான்காம் மேசை அக்கா செய்ததும் அதைத்தான். நீங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள்.

சின்ன வயதிலிருந்து என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டாய். நான் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். இனி அந்தப் பெயரை நீ வைத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

இந்த மாதம் 24-ஆம் தேதி வியாழக்கிழமை பேராசிரியர் எங்கள் அறைக்கு வருகிறார். அவரிடம் தட்டுகளைக் காட்டுவேன். கண்காணிப்பாளரின் கடிதத்தையும் காட்டுவேன். உன் அனுமதி கேட்டு எழுதவில்லை. முன்கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீ எனக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

கிழிக்காமல் வைத்திருந்தாய். அதைக் கவனிக்காமல் இல்லை.

தங்கை

ஜூலை 13

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். காட்டு.

பதிவேட்டில் ஆறாம் பெட்டியின் வரியை அடித்து, நடந்ததை எழுதி, இன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிவேடு இந்தக் கடிதத்தோடேயே இறங்குகிறது, பேராசிரியர் பெயருக்கு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். தெருமுனைக் கடை வரை தனியாகப் போய்விட்டு வந்து, நான் திட்டுவேன் என்று ஒளித்துவைத்தாள். உன் மூக்கு இன்னும் ஒழுகுகிறதா?

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பேராசிரியர் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்றேன். நின்றேனே தவிரப் பேச்சு வரவில்லை. கையில் ஈரத்தோடு தட்டு. கண்காணிப்பாளர், "என்னம்மா, கழுவற இடம் அங்கே" என்றார். அந்த வார்த்தைதான் என் வாயைத் திறந்தது.

"சார், இதை ஒரு தடவை நீங்களே பாருங்க. நான் எழுதினதைப் பாக்க வேணாம், நான்காம் மேசைக் குறிப்பேட்டையும் பாக்க வேணாம். தட்டை மட்டும் பாருங்க."

என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது. பேராசிரியர் வெட்டிய மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போயிற்று. கால் மணி நேரம் தட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி நான்காம் மேசை அக்காவைக் கேட்டார்.

"மேல்நோக்கித்தானே போகுது? ஏன் மாத்தி எழுதினே?"

"மேலேருந்துதானே சார் வரும்? அதான் திருப்பி எழுதினேன்."

"வரும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கும்மா பாக்கணும்? வீட்டுல உக்காந்தே எழுதியிருக்கலாமே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் பையிலிருந்து உன் பதிவேட்டை எடுத்தார். முந்தின நாளே வந்துவிட்டதாம். நான் கண்காணிப்பாளரின் கடிதத்தை அதன் மேல் வைத்தேன். பேராசிரியர் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சின்னப் பொண்ணு சார், விவரம் புரியாம..." என்று தொடங்கினார் கண்காணிப்பாளர்.

"புரியலேன்னா கேட்டிருப்பேன் சார். புரிஞ்சதாலதான் எழுதினேன்" என்றேன்.

ஆறாம் பெட்டியைப் பற்றி இந்த உலகத்தில் இருக்கும் ஒரே நம்பத்தக்க குறிப்பேடு இப்போது என்னுடையதுதான். வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அதன் நகல் போயிருக்கிறது. ஏழாம் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதே. கண்காணிப்பாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். இப்போது என்னை "வாங்கம்மா" என்கிறார், அதைக் கேட்டால் பழைய ஏச்சே மேல் என்று தோன்றுகிறது. படம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. 'நான்காம் மேசை' என்ற இடத்தில் 'ஏழாம் மேசை' என்று ஒரு துண்டுத் தாளை ஒட்ட வேண்டும். இருநூற்று அறுபது பிரதி. யாரை ஒட்டச் சொன்னார் தெரியுமா? என்னை. நூற்றுநாற்பது முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் ஓரத்தில் இருப்பது அந்தப் பசைதான். நான்காம் மேசை அக்கா நேற்று ஒன்றும் சொல்லாமல் எதிரே வந்து உட்கார்ந்து, துண்டுகளை வெட்டித் தரத் தொடங்கினாள். நேராகத்தான் வெட்டுகிறாள்.

உன் கல்லூரி மனுவில் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக வருந்துகிறேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன். அடுத்த ஆண்டு பேராசிரியரிடம் நீயே நேராகக் கேள். உன் பதிவேட்டில் அடித்து எழுதியிருந்த அந்த வரியை அவர் இரண்டு முறை படித்ததை நான் பார்த்தேன். என் கோபம் தீரவில்லை. தீரும்போது எழுதுகிறேன்.

எட்டாம் பெட்டி இந்த வாரம் உன்னிடம் வருகிறது. அம்பைப் பச்சை மையால் நானே தடிப்பாக வரைந்திருக்கிறேன். கூரையில் கட்டியதும் எனக்கு ஒரு வரி எழுது. காற்று அடித்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் ஏறிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. பதிவேட்டில் எழுத வேண்டியதை அல்ல. நீ பார்த்ததை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
ஏழாம் மேசை